நாற்பது கைகள் காட்டிய திசை

அடையாள அட்டையில் கண் பரிசோதகர் என்று இருந்தாலும் பள்ளிக்கூடங்களில் அவளுக்குக் ‘கண்ணாடியக்கா’ என்றுதான் பெயர். இருபத்திரண்டு வருடமாக ஸ்கூட்டரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு பள்ளி பள்ளியாக ஏறி இறங்குகிறவள். “எங்கம்மா யாரையும் மூஞ்சிய வச்சு அடையாளம் சொல்ல மாட்டாங்க, பவர வச்சுத்தான் சொல்லுவாங்க” என்று மகள் கேலி செய்வாள்.

துறைமுகத்தை ஒட்டிய அந்தப் பள்ளிக்குக் கண்ணாடி அளவெடுக்கப் போயிருந்தாள். எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள். மூன்றாம் வகுப்பில் மட்டும் ஒன்பது மொழிகள். போன மாதம் சோதித்தவர் எழுதிவைத்த பட்டியலை வகுப்பாசிரியை நீட்டினார். நாற்பது பேரில் பதினேழு பேருக்குப் பார்வைக் குறைவு.

“பதினேழா?” அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“முதல் பேரே இந்தப் பொண்ணுதான். வந்து ரெண்டு மாசமாச்சு, வாயே தொறக்கல. மந்தமோன்னு பயமா இருக்கு.”

இரட்டைச் சடைக்காரி தரையைப் பார்த்தபடி வந்து நின்றாள். இருபதடி தள்ளி எழுத்து அட்டை. உள்ளங்கை அகலத்துக்கு இருந்த முதல் எழுத்தைக் காட்டியும் மூச்சில்லை. அப்போது ஒரு கட்டெறும்பு அட்டையின் ஓரமாக ஏறியது. சிறுமியின் கண்ணும் கூடவே ஏறியது. எறும்பு திரும்பியது, கண்ணும் திரும்பியது.

கண்ணாடியக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை. இந்த ஊர் எழுத்துதான் தெரியவில்லை!

மழலை வகுப்புக்கென்று வைத்திருந்த வேறொரு அட்டையைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து மாட்டினாள். அதில் எழுத்தே கிடையாது. மூன்று பல் கொண்ட ஒரே வடிவம் மேலும் கீழும் பக்கவாட்டிலுமாகத் திரும்பியிருக்கும். பல் பார்க்கும் பக்கம் கையை நீட்டினால் போதும். ஒரு தடவை செய்து காட்டியதும் சிறுமி பிடித்துக்கொண்டாள். வரி வரியாக இறங்கி, கடைசிப் பொடி வரிவரை ஒன்றுகூடத் தப்பவில்லை.

“எங்க, நானும் பாக்கறேன்” என்று வந்து நின்ற ஆசிரியை, கடைசிக்கு இரண்டு வரி முன்னாலேயே தடுமாறினார்.

வேடிக்கை பார்த்த பிள்ளைகளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. பல் மேலே பார்த்த பெரிய வடிவத்தைக் கண்ணாடியக்கா குச்சியால் தொட்டதும் மொத்த வகுப்பும் எழுந்து கையை உயர்த்தியது. யாரோ ஒரு குட்டி, மேலே என்பதைத் தன் மொழியில் கத்தினாள். பக்கத்திலிருந்தவன் தன் மொழியில் கத்தினான். ஒன்பது சொற்கள் அறையை நிறைத்தன. நாற்பது கைகளும் ஒரே திசையில் நின்றன. கண்ணாடியக்கா குச்சியை நகர்த்தத் தோன்றாமல் அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை வருடமும் எழுத்தைக் காட்டிக் காட்டி எத்தனை பிள்ளைகளின் வாயை அடைத்திருக்கிறோமோ என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பார்த்தாள். பதினேழில் கண்ணாடி தேவைப்பட்டது இரண்டே பேருக்கு. கூடவே, பட்டியலில் இல்லாத வகுப்புத் தலைவனுக்கும்! போன தடவை முன்னால் நின்றவன் சொன்னதை அப்படியே ஒப்பித்துத் தப்பித்தவன் அவன்.

ஆசிரியை இரட்டைச் சடைக்காரியின் முன்னால் குனிந்து, அவள் மொழிக்காரப் பிள்ளை ஒன்று கத்தியதைக் கேட்டுவைத்து, அதே மொழியில் மேலே என்று சொல்லிப் பார்த்தார். சிறுமி களுக்கென்று சிரித்தாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு, நிறுத்தி நிதானமாக, வாய் திறந்து திருத்தினாள். மூன்றாவது தடவைதான் ஆசிரியைக்குச் சரியாக வந்தது.

“எனக்கும் சொல்லிக் குடும்மா” என்றாள் கண்ணாடியக்கா.