ஹாஜராத்தி என்று சொன்ன தாள்

என் கையெழுத்தை அங்கே பார்த்தபோது முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெளிநாட்டு வங்கியின் இணையதளத்தில், கால்வாய்த் திட்டத்துக்கான கடன் ஆவணத்தின் கடைசிப் பக்கங்களில் அது இருந்தது. வரிசையில் முதல் ஆள் நான். தமிழில், பெரிய எழுத்தில், கீழே ஒரு கோடும் இழுத்திருந்தேன்.

"பாரு, நாம போட்ட சத்தத்துல நம்ம பேரு எங்க வரைக்கும் போயிருக்கு," என்றேன்.

பக்கத்தில் இருந்தவள் மண்டியாப் பெண், கன்னடக்காரி, என்னோடு அலுவலகத்தில் வேலை செய்பவள். அவள் தாளின் தலைப்பைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"அக்கா, இது ஹாஜராத்தி இல்ல. ஒப்பிகெ பத்ரா."

ஹாஜராத்தி என்றால் வருகைப்பதிவு. ஒப்பிகெ என்றால் சம்மதம். இரண்டு வார்த்தையும் எனக்கு நன்றாகத் தெரியும். காதுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாது. நான் ஸ்ரீராம்புரத்தில் பிறந்தவள், எட்டாவது வரை தமிழ்ப் பள்ளி, அப்புறம் கார்மென்ட்ஸில் தையல். கன்னடத்தில் சண்டை போடுவேன், பேரம் பேசுவேன், கனவுகூட வரும். பஸ்ஸை மட்டும் நம்பரை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். எங்கள் சந்தில் பாதிப் பேர் இப்படித்தான். யாரும் அதை வெளியே சொல்வதில்லை.

தையலை விட்டபிறகு இந்தச் சின்ன அமைப்பில் சேர்ந்தேன். வெளிநாட்டுக் கடன், வர்த்தக ஒப்பந்தம், மரபணு மாற்றிய விதை, எல்லாவற்றுக்கும் எதிராகக் கத்துவதுதான் எங்கள் வேலை. மரபணு மாற்றிய கத்திரிக்காய் வேண்டாமென்று, கத்திரிக்காயையே மாலையாகக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, போராட்டம் நடத்துகிற ஃப்ரீடம் பார்க்கில் நின்றிருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறதென்று பாக்கெட் மேல் எழுது, படித்துப் பார்த்து வாங்குவது எங்கள் உரிமை என்று தொண்டை கிழியக் கோஷம் போட்டிருக்கிறேன். அதிலிருந்து சந்தில் எனக்குப் பெயரே கத்திரிக்காய்தான்.

பிறகு அந்த வங்கிக் கடன் எங்கள் வாசலுக்கே வந்தது. சந்துக்குப் பின்னால் ஓடும் ராஜகாலுவேயை, அதாவது பெரிய மழைநீர்க் கால்வாயை, அகலப்படுத்தப் போகிறார்கள். கால்வாய்ப் பக்கம் இருக்கும் வீடுகள் போகும். அதில் முதல் வீடு எதிர்வீட்டு அக்காவுடையது. தெரு பெருக்கும் வேலையில் இருந்துகொண்டு, ஒவ்வொரு சுவராகப் பல வருஷம் கட்டிய வீடு. அதன் பின்சுவரும் கால்வாய்ச் சுவரும் ஒன்றுதான்.

மக்களைக் கேட்காமல் கடன் தரக்கூடாது என்று அந்த வங்கியே விதி வைத்திருக்கிறது. விதியைக் காட்டிக் கூட்டம் கேட்டது நான்தான். மனு மேல் மனு போட்டு வாங்கினேன். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி எல்லோரையும் கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். அங்கே கன்சல்டன்ட் கம்பெனிக்காரர்கள் படம் போட்டுக் காட்டினார்கள், டீ கொடுத்தார்கள். சிரித்த முகத்தோடு ஒரு பெண் ஒரு தாளைக் கொண்டுவந்தாள்.

"ஹாஜராத்தி மேடம். வந்தவங்க சைன் பண்ணணும்."

அக்கா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாடி எழுதிக்கீது மேல? படிச்சியா?"

"அட்டெண்டென்ஸ்க்கா. நான்தான் இருக்கேன்ல. போடு."

நான் போட்டேன். எனக்கு அடுத்து அவள் போட்டாள். அவளுக்கு அடுத்து சந்தே போட்டது.

அந்தத் தாளை வைத்துத்தான், மக்கள் மனமுவந்து வீடுகளைக் காலி செய்ய ஒப்புக்கொண்டார்கள் என்று ஆவணத்தில் எழுதியிருந்தார்கள். மண்டியாப் பெண்தான் படித்துக் காட்டினாள். அவர்கள் பொய் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? அதைத்தான் இத்தனை வருஷம் மைக் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்யைக் கதவு தட்டி வசூல் பண்ணிக் கொடுத்த ஆள் நானாக இருப்பேன் என்பதுதான் தெரியாது.

அன்று சாயங்காலமே அக்காவிடம் சொன்னேன். அவள் குழாயடியில் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"பாக்கெட்டுக்கு லேபிள் கேட்டியே," என்றாள். "பேப்பருக்குக் கேக்கலியா?"

குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

நாங்கள் வங்கிக்குப் புகார் எழுதினோம். விசாரிக்க ஒரு வெள்ளைக்காரம்மாவும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் வந்தார்கள். அதற்கு முன்தினம் மண்டியாப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"படிக்க வராதுன்னு மட்டும் சொல்லாதீங்க அக்கா. ஏமாத்திட்டாங்கன்னு சொல்லுங்க, போதும். இல்லாட்டி மேட்டரே மாறிடும்."

அவள் சொன்னது சரி. இந்த ஊரில் ஒரு தமிழ்க்காரி எழுந்து எனக்குக் கன்னடம் படிக்க வராது என்றால், அதற்குப் பிறகு யாரும் கால்வாயைப் பற்றிப் பேசமாட்டார்கள், மொழியைப் பற்றித்தான் பேசுவார்கள்.

விசாரணை நடந்த அறையில் திட்ட அதிகாரி அந்தத் தாளை என் முன்னால் வைத்தார். பேச்செல்லாம் கன்னடத்தில்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"யாராவது கையைப் பிடிச்சுப் போட வச்சாங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன புகார்?"

ஏமாற்றினார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அடுத்து அவர் என்ன கேட்பார் என்று தெரிந்தது: தலைப்பில் எழுதியிருக்கிறதே, பார்க்கவில்லையா? பின்வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குக் கன்னடம் படிக்க வராது சார்," என்றேன்.

அறையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இங்கயே பிறந்தேன்னு சொல்றீங்க. எங்களவிட நல்லா பேசுறீங்க. இத்தனை வருஷம் இந்த ஊர்ச் சோத்தைச் சாப்பிட்டு ஒரு வரி படிக்க வராதா?"

அப்போது பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. அவளும் கன்னடத்தில்தான் பேசினாள்.

"எனக்கும் வராது சார். நீங்களே வாசிங்க. கொஞ்சம் சத்தமா."

அதிகாரி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். வெள்ளைக்காரம்மா பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். வேறு வழியில்லை. வாசித்தார்.

"நம்ம ஸ்வந்த இச்செயிந்த மனெ பிட்டு ஹோகலு ஒப்பிகெ கொட்டித்தேவெ."

எங்கள் சொந்த விருப்பத்தில் வீட்டைவிட்டுப் போகச் சம்மதம் கொடுத்திருக்கிறோம். எங்கள் சந்துப் பெண்களுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் பின்வரிசையே எழுந்து நின்றுவிட்டது. யார் சொன்னது, எப்போ சொன்னோம் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள், எல்லோரும் கன்னடத்தில்.

"வாசிச்சா புரியுது பாருங்க சார்," என்றாள் அக்கா. "அன்னிக்கு யாரும் வாசிக்கல."

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடிக்கப் போனேன். விலக்கிக்கொண்டாள்.

"உனக்காகப் பேசினேன்னு நெனச்சுக்காத. என் வூட்டுக்குப் பேசினேன்."

சில வாரம் கழித்து வங்கியிலிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலத்தில். மண்டியாப் பெண்ணைச் சந்துக்கே வரவழைத்து, நடுத்தெருவில் நின்று கன்னடத்தில் சொல்லச் சொன்னோம். அந்தத் தாள் செல்லாது. மறுபடி கூட்டம் நடத்தும்வரை எந்த வீட்டையும் தொடக்கூடாது. அவ்வளவுதான். கால்வாய்த் திட்டம் போகவில்லை, கடனும் போகவில்லை.

"இன்னொரு தபா சொல்லும்மா," என்றாள் அக்கா. மண்டியாப் பெண் இன்னொரு தடவை சொன்னாள்.

வீடு இன்னும் நிற்கிறது. கூட்டத் தேதி எப்போது வேண்டுமானாலும் வரலாம். இந்தத் தடவை கதவு தட்டப் போகிறவள் அக்கா. அவள் என்னிடம் பேசுகிறாள், வேலை இருந்தால் மட்டும்.