பதினோராம் நம்பர் மலையில் ஒன்றுமில்லை

ஜெயலெட்சுமிக்கு ஐம்பத்தெட்டு வயது. லுணுகலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, இன்னும் முக்கால் மணி நேரம் ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில், பத்துக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டியிருக்கிற தொழிலாளர் லயத்தில் ஆறாவது காம்பரா அவளுடையது. முப்பத்தொன்பது வருசம் கொழுந்து பறித்தவள். தராசுக்கு முன்னால் நின்று கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கட்டுவதில் அவளை மிஞ்ச அந்தப் பிரிவில் ஆள் கிடையாது. "அந்தம்மா கூடையை இறக்குறதுக்கு முந்தியே நான் சரின்னு சொல்லிப்புடுவேன்" என்று ஒரு கணக்கப்பிள்ளை வெளிப்படையாகவே புலம்பியதுண்டு.

ஆனால் கையில் ஃபைலோடு வெளியாள் ஒருவன் லயத்துப் படியேறினால் போதும், அந்த வாய்க்காரி ஊமையாகிவிடுவாள். அவள் மட்டுமா, லயமே அப்படித்தான். ஆடு வளர்க்கிறீர்களா என்று கேட்டால் "இல்லைங்க" என்பார்கள். பின்னால் ஆடு கத்திக்கொண்டிருக்கும். கைவிட்ட தேயிலையில் போஞ்சி போட்டிருக்கிறீர்களா என்றால் "அதெல்லாம் ஒன்னும் இல்லைங்க." இதைப் பயம் என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். உள்ளதைச் சொல்லி ஆட்டையும் போஞ்சியையும் பறிகொடுத்த அனுபவம் அவர்களுக்கு நிறையவே உண்டு. ஃபைலில் எழுதப்பட்ட எதுவும் இன்றுவரை அவர்களுக்கு நல்லதாக முடிந்ததில்லை.

இரண்டு வருசத்துக்கு முன் ஒரு தை மாதத்தில் மூன்று பேர் அப்படி வந்தார்கள். ஜெயலெட்சுமி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இருபது வருசமாகக் காடேறிக் கிடக்கிற பதினோராம் நம்பர் மலையைப் பற்றிக் கேட்டார்கள். அங்கே யாராவது போகிறீர்களா? இல்லைங்க. ஊற்றுத் தண்ணீர் எடுக்கிறீர்களா? இல்லைங்க. கோயில், சாமி கல் ஏதாவது? இல்லைங்க. யாரையாவது அடக்கம் செய்திருக்கிறீர்களா? சுளகு ஒரு நொடி நின்றது. இல்லைங்க. மலை எப்போதாவது சரிந்திருக்கிறதா? இல்லைங்க. கையெழுத்துக் கேட்டார்கள், போட்டாள். கடைசிக் கேள்விக்குச் சொன்னது மட்டும் அவள் அறிந்த உண்மை. மற்ற நான்கும் பச்சைப் பொய்.

அந்த நான்காவது பொய்யைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். பத்து வருசத்துக்கு முன், அடைமழை வாரம் ஒன்றில், அவளுடைய ஒரே மகன் தினேஸ் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். பதினேழு வயது. தோட்டத்து மயானத்துக்குப் போகிற பாதை மழையில் அறுந்து போயிருந்தது. இரண்டு நாள் பிள்ளையைக் காம்பராவுக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்து பார்த்தார்கள். மழை விடவில்லை. மயானத்தைத் தவிர வேறெங்கும் புதைக்கக் கூடாது என்பது தோட்டத்தை நிர்வகிக்கிற துரையின் கண்டிப்பு. கடைசியில் அவளுடைய புருசன் அழகரும், அவனுடைய கூட்டாளி சந்தனமும், இன்னும் இரண்டு பேரும் லயத்துக்கு வெளியே யாருக்கும் சொல்லாமல் பெட்டியைப் பதினோராம் நம்பர் மலைக்குத் தூக்கிப் போனார்கள். பொம்பளைகள் சுடலைக்குப் போகிற வழக்கமில்லை. லயத்து வாசலில் விழுந்து கிடந்தபடி ஜெயலெட்சுமி புருசனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏங்க, தண்ணி நிக்காத இடமா, மேட்டுல பாத்து வைங்க. அவனுக்குக் குளிர் ஆகாதுங்க."

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அழகர் அவளை அழைத்துப் போய் இடத்தைக் காட்டினான். மேட்டில் நிற்கிற ஒற்றைச் சவுக்கு மரத்துக்குக் கீழே, மூன்றாம் வரிசையில் ஒரு தேயிலைச் செடி. கல் நடவில்லை, மேடு கட்டவில்லை. துரைக்குத் தெரிந்துவிடுமே. அந்தச் செடியைத்தான் அவள் பத்து வருசமாக மகன் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டாள். விறகுக்குப் போகிற சாக்கில் போய், அதைச் சுற்றிப் புல் பிடுங்குவாள். யாரும் இல்லையென்றால் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டும் இருப்பாள். இருப்பதிலேயே குளிர்ச்சியான மார்கழியில் ஒரு சாக்கை மடித்து அடியில் போட்டுவிட்டு வருவாள். பெற்ற மனம் பித்து என்பார்களே, அது சரிதான். அழகரும் மூன்று வருசத்துக்கு முன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். அதன் பிறகு அவளுக்கு இந்த உலகத்தில் போய் உட்கார அந்தச் செடி ஒன்றுதான் இருந்தது.

லுணுகலையில் அலவி நானாவின் கடையில்தான் அவள் சாமான் வாங்குவது. ஒரு நாள் சீனி கட்டிக்கொண்டிருந்த அலவி நானா கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஒங்கட தோட்டத்துல பதினோராம் நம்பர் மல எண்டு ஒண்டு இரிக்கா?"

அவள் தலையாட்டினாள். அங்கே ஒரு களஞ்சியம் கட்டப் போகிறார்களாம். ஆஸ்பத்திரிகளிலும் தொழிற்சாலைகளிலும் பாவித்துக் கழித்த, இன்னும் கொஞ்சம் கதிர்வீச்சு மிச்சமிருக்கிற சாமான்களைச் சீமெந்துப் பீப்பாய்களில் அடைத்து வைக்கிற இடமாம். சுற்றாடல் அறிக்கை பிரதேச செயலகத்தில் இருக்கிறது, முப்பது வேலை நாளுக்குள் யாரும் போய்ப் பார்த்து ஆட்சேபனை எழுதலாம் என்று பேப்பரில் மூலையில் போட்டிருந்ததாம். அலவி நானாவின் வீட்டுத் தண்ணீர் அந்த மலையடி ஓடையிலிருந்து வருவது. மனுசன் கடையைச் சாத்திவிட்டுப் போய், தலையணை மொத்தத்துக்கு இருந்த தமிழ் அறிக்கையை இரண்டு நாள் உட்கார்ந்து வாசித்திருக்கிறார்.

"அங்க ஆள் நடமாட்டம் இல்லையாம், தண்ணி எடுக்கிறதில்லையாம், மையவாடி, மயானம் ஒண்டும் இல்லையாம். ஊர்ச் சனமே சொல்லி ஒப்பம் வெச்சதாம். எந்த மடையன் சென்னானோ தெரியா" என்றார்.

ஜெயலெட்சுமி சீனியை வாங்காமலே கடைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான். தன் பிள்ளை அங்கே இல்லை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதன் மேல் சீமெந்து கொட்டப் போகிறார்கள். அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அலவி நானா தாளும் பேனையும் எடுத்து அவளுடைய ஆட்சேபனையை எழுதினார்.

லயத்தில் அவளுக்குக் கிடைத்த மரியாதை வேறு. "துரைக்குத் தெரிஞ்சா எல்லாருக்கும்தானே ஏச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜெயலெட்சுமி விடவில்லை. தராசடியில் நின்ற பழைய வாய் திரும்பி வந்திருந்தது. அன்று பெட்டி தூக்கிய நால்வரில் மிச்சமிருப்பது சந்தனம் ஒருவர்தான். ஆட்சேபனைகளை விசாரிக்கிற மீளாய்வுக் குழு இடத்தைப் பார்க்க வருகிற அன்றைக்கு வந்து சாட்சி சொல்லச் சொல்லி அவருடைய வாசலில் போய் நின்றாள்.

"நான் எதுக்குத் தங்கச்சி? நீயே காட்டிப்புடலாமே" என்று அவர் ஆன மட்டும் நழுவிப் பார்த்தார்.

"நான் பாக்கலியே அண்ணே. நீங்கதானே வச்சீங்க" என்றாள்.

அவர் வாசலில் கிடந்த விறகை அடுக்கக் குனிந்துகொண்டார். ஆனாலும் அன்றைக்கு வந்தார்.

குழுவில் நான்கு பேர். பேசியது பதுளையிலிருந்து வந்திருந்த றுஷ்தா என்ற அதிகாரி. நல்ல பெண். முதலில் அந்தப் பழைய படிவத்தை எடுத்துக் காட்டி, இது உங்களுடைய கையெழுத்தா என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆமாங்க மிஸ். பொய் சொல்லிட்டேங்க. பயத்துல சொன்னதுங்க. எம் மகன் இங்கதான் இருக்கான்."

"இடத்தைக் காட்டுங்க அம்மா. உறுதியானா முழு மலையையும் விடச் சொல்லி நான் எழுதுறேன்."

ஜெயலெட்சுமி செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் நடந்தாள். சவுக்கு மரம், மூன்றாம் வரிசை, செடி. குழுவில் வந்த மண் ஆராய்ச்சிக்காரர் ஒரு நீளமான இரும்புக் கம்பியைச் செடிக்குப் பக்கத்தில் இறக்கினார். இரண்டடி போனதும் ணங்கென்றது. மறுபக்கம் இறக்கினார், ணங். மேலே, கீழே, இருபது அடி தள்ளி, எங்கே இறக்கினாலும் இரண்டடியில் கல். அவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். றுஷ்தா அதைத் தமிழில் சொல்லத் தயங்கினாள்.

"அம்மா, இங்க முழுக்கப் பாறையாம். குழி வெட்டியிருக்க முடியாது எண்டு சொல்றார்."

"அதெப்படிங்க? அவரு சொன்னாரே. எங்க வீட்டுக்காரரு சொன்னாரே. அண்ணே, நீங்க சொல்லுங்க."

சந்தனம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"கல்லுதான் தங்கச்சி. அன்னைக்கும் கல்லுதான். ரெண்டு எடத்துல தோண்டிப் பாத்தோம், கடப்பாறை வளைஞ்சு போச்சு. மழை ஊத்துது. பெட்டி வேற நனைஞ்சு பிரியுது. அப்பறம் மலைக்குப் பின்பக்கம் கீழ, ஓடைக்கு மேல, மண்ணு மெதுவா இருந்த எடத்துல வச்சோம். நீ மேட்டுல வைக்கச் சொன்னியாம். அழகரு அழுதான். 'அவகிட்ட மேட்டுலன்னு சொல்லிப்புடுறேன், நீங்களும் அப்படியே சொல்லுங்க'ன்னான்."

"சரி அண்ணே. கீழன்னா கீழதான். அந்த எடத்தைக் காட்டுங்க" என்று அவள் கீழே இறங்கப் போனாள்.

சந்தனம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அது இல்லைம்மா. ஆறாம் நாளு அந்தப் பக்கமே சரிஞ்சு ஓடையில போயிருச்சு. நாங்க நாலு பேரும் போய்ப் பாத்தோம். ஓடை நெடுகத் தேடினோம். ஒரு பலகைத் துண்டு கூடக் கெடைக்கல. வெளிய சொன்னா ஆளுங்க வந்து பாப்பாங்க, பொதைச்சதும் தெரிஞ்சிரும். உனக்கும் தெரிஞ்சிரும். அதான் வாயைத் தொறக்கல."

பதினாறாம் நாள் அழகர் அவளை இங்கே கூட்டி வந்தபோது பிள்ளை ஓடையோடு போய்ப் பத்து நாளாகியிருந்தது. அது தெரிந்தேதான் அவன் இந்தச் செடியைக் காட்டியிருக்கிறான். தெரிந்தே வருசா வருசம் கூட வந்து சூடம் கொளுத்தியிருக்கிறான். தனியாளாக அதைச் சுமந்துதான் அந்த நெஞ்சு வெடித்ததோ என்னவோ. செத்துப்போன புருசன் மேல் அவளுக்கு அந்த நேரம் வந்த கோபத்தையும் இரக்கத்தையும் எதில் கொண்டுபோய் வைப்பது? செடியைப் பிடுங்கி எறியப் போனவள், அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மண் ஆராய்ச்சிக்காரர் அதற்குள் சரிந்த இடத்துக்கு இறங்கிப் போயிருந்தார். மானாப்புல் மூடிக் கிடந்ததால் அறிக்கை எழுதியவர்கள் கண்ணில் அது படவே இல்லை. மலை சரிந்ததில்லை என்று ஊர்ச் சனமும் சொன்னதால் அவர்கள் புல்லை விலக்கியும் பார்க்கவில்லை. பிள்ளை அங்கே இல்லை என்று ஜெயலெட்சுமி பொய்யாகச் சொன்னது உண்மையாகவும், மலை சரிந்ததில்லை என்று உண்மையாகச் சொன்னது பொய்யாகவும் போயிருந்தது.

றுஷ்தா அவளுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள்.

"அம்மா, மையவாடி இருந்தது எண்டு இனி எழுத ஏலாது. ஆனா இந்த மல சரிஞ்சது எண்டு கண்டவர் எழுதித் தந்தா, ஒங்கட மகன் மவுத்தான ஆறாம் நாள்தான் சரிஞ்சது எண்டு நீங்களும் எழுதித் தந்தா, இங்க அதைக் கட்ட விடமாட்டாங்க."

"நீ சொன்னாத்தான் எழுதுவேன் தங்கச்சி" என்றார் சந்தனம். "அழகருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தது."

லயத்தைக் காப்பாற்ற வேண்டும், ஓடைத் தண்ணீர் குடிக்கிற சனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றெல்லாம் அவள் நினைத்ததாக யாரும் கதை கட்ட வேண்டாம். அவள் எதையும் நினைக்கவில்லை. பத்து வருசம் ஒரு பொய்க்குப் புல் பிடுங்கிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எழுதுங்க அண்ணே" என்றாள். அவளுடைய வாக்குமூலத்தை றுஷ்தா எழுதி வாசித்துக் காட்டினாள். 'எனது மகன் தினேஸின் உடல் மண்சரிவில் அள்ளுண்டு போனது' என்ற வரி வந்ததும் ஜெயலெட்சுமி அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்து முடித்ததும் கையெழுத்துப் போட்டாள்.

லயத்துக்குத் திரும்புகிற வழியில் சந்தனத்திடம், "இது நம்மோட இருக்கட்டும் அண்ணே. சனங்களுக்கு வேண்டாம். அவரை ஏசுவாங்க" என்றாள்.

ஏழு மாதம் கழித்து முடிவு வந்தது. மண்சரிவு அபாயம் காரணமாக அந்த இடம் பொருத்தமில்லை என்று நிராகரித்துவிட்டார்கள். அலவி நானா ஒரு பெட்டி லட்டோடு மூச்சிரைக்க மலையேறி வந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. முகத்தைத் திருப்பிக்கொண்ட சனமெல்லாம் மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்து, பட்டாசு கட்டி, ஜெயலெட்சுமியைத் தேடி வந்து கையைப் பிடித்தது. என்ன எழுதிக் கொடுத்தாள் என்று ஒருவருக்கும் தெரியாது. மகன் இருக்கிறான் என்று சொல்லி மலையையே மீட்டுவிட்டாள் என்றுதான் அவர்கள் நம்பினார்கள்.

நடுப்பகலில், அடுத்த காம்பராவுக்குக் கல்யாணமாகி வந்த விதுஷா ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். ஜெயலெட்சுமியைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண் உண்மையான சந்தோசத்தோடு சொன்னாள்.

"இனிமே ஒங்க மகன் எடத்துல யாரும் கை வைக்க முடியாதுங்க அத்த. நிம்மதியாப் போயிட்டு வாங்க."

"ஆமாம்மா" என்றாள் ஜெயலெட்சுமி.

விதுஷா போனதும் ஜெயலெட்சுமி கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். பத்து வருசத்துக்கு முன்னால் அழுது முடித்துவிட்டதாக நினைத்திருந்த பிள்ளைக்கு, இன்றுதான் செத்தவனுக்கு அழுவது போல, முதல் வரியிலிருந்து ஒப்பாரி வைத்தாள். வெளியே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. அது ஓயும்வரை யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.