அண்ணனின் வாட்சும் அந்தப் பத்து நிமிஷமும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருஷமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான், கோர்வையாக எழுத வராது, படிக்கிறவர்கள் சிரிப்பார்களே என்ற பயமும் உண்டு. சாமி நம்பிக்கை எனக்கு நிறைய. வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன். ஆனால் ஆவி, பேய், செத்தவர்கள் வந்து நின்றார்கள் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள். இப்போது நானே சொல்ல வேண்டியதாகிவிட்டது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

எங்களுக்கு ஜெயங்கொண்டம் பக்கம், கொஞ்சம் முந்திரித் தோப்பு உண்டு. என் அண்ணன் அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரி ஓட்டினார். முதல் போனஸில் ஒரு குவார்ட்ஸ் வாட்ச் வாங்கினார், தங்கக் கலர் டயல், தேதியும் கிழமையும் காட்டும். அதை எப்போதும் பத்து நிமிஷம் கூட்டி வைத்துத்தான் கட்டுவார், ஷிஃப்ட் பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்ற பயம். "நீ போய் ஸ்டாப்புல நின்னாத்தான் அரியலூருக்கே பஸ்ஸு வருது" என்று கேலி செய்வேன். "நீ பின்னாடி மெதுவா வாடா, நான் முன்னாடி போயி எடம் போட்டு வெக்கிறேன்" என்பார். அதே மாதிரி முன்னாடியே போய்விட்டார், நெஞ்சுவலியில்.

அவர் மகள் செல்விக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் கூடி வந்தது. தாலி கட்டுவதற்கு முன் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டு வாட்ச் கட்டுவது எங்கள் வழக்கம். அப்பா இல்லாத பெண், அதனால் சித்தப்பா நான் கட்ட வேண்டும். புது வாட்ச் எடுத்துவிடலாம் என்றேன். வாய் திறந்து எதுவும் கேட்டிராத பெண் அன்றைக்குக் கேட்டாள். "அப்பா வாட்ச கட்டுங்க சித்தப்பா. அவரே வந்த மாதிரி இருக்கும்."

அந்த வாட்சோ அவர் போனதிலிருந்து பீரோவில் நின்றுபோய்க் கிடந்தது. நின்ற வாட்சை மணமேடையில் கட்டினால் மாப்பிள்ளை வீட்டில் ஆயுசுக்கும் பேச்சாகிவிடும். ஓடினால் கட்டு, இல்லாவிட்டால் அந்தப் பேச்சே வேண்டாம் என்று அண்ணியும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஜெயங்கொண்டத்தில் செல் மாற்றிப் பார்த்தார்கள், ஓடவில்லை. பெரம்பலூரில் திறந்துகூடப் பார்க்காமல், இந்த மெஷின் இப்போது வருவதில்லை என்றார்கள். கல்யாணம் நெருங்கிவிட்டது. கடைசியில் அரியலூர் கடைத்தெருவில் ஒரு பாய் கடை. அவர் லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்து, உள்ளே காயில் என்கிற கம்பிச்சுருள் போய்விட்டது, தனிக் காயில் எங்கேயும் கிடைக்காது என்றார். பிறகு, யாரும் திரும்ப வாங்க வராத பழைய வாட்சுகள் கிடந்த தகர டப்பாவைக் கிளறி, கண்ணாடி உடைந்த ஒன்றை எடுத்தார். அதே மாடல். மெஷின் மட்டும் நல்லபடியாக இருந்தது. முழுசாக மாற்றிவிடவா என்று கேட்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. "அப்புறம் எங்க அண்ணனோடதுன்னு அதுல என்னங்க பாய் இருக்கும்?"

"கூடு அவரோடது, டயலு அவரோடது, முள்ளு அவரோடது. ஓட்டம் மட்டும் வேற ஆளோடது. ஒடம்புக்கு முடியலன்னா யாரோ குடுத்த ரத்தத்த ஏத்திக்கிறதில்லையாண்ணே?"

அந்த வேறு ஆள் யார் என்று அவருக்கும் தெரியவில்லை. மாற்றி, செல்போனைப் பார்த்து நேரத்தைச் சரியாக வைத்துக் கொடுத்தார். பத்து நிமிஷக் கதையை நான் அவரிடம் சொல்லவில்லை. முகூர்த்தத்துக்குப் போகிற வாட்ச், சரியான நேரம்தான் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். கழற்றிய பழைய மெஷினைத் தூக்கிப் போட மனசு வராமல் வாங்கி வந்து, பூஜை அறையில் ஒரு காலிக் குங்குமச் சிமிழில் வைத்தேன். அதன் தேதிச் சக்கரத்தில், டயலின் ஜன்னல் வருகிற இடத்தில், பதினேழு நின்றிருந்தது.

கல்யாணத்தன்று சாமி படத்துக்கு முன்னாலிருந்து வாட்சை எடுத்துக்கொண்டு போய் மாப்பிள்ளை கையில் கட்டினேன். தாலி ஏறியதும் அண்ணி என்னைத் தூண் ஓரமாகக் கூப்பிட்டார். கண்ணெல்லாம் தண்ணீர். "அவரு மாதிரியே பத்து நிமிஷம் கூட்டி வெச்சிருக்கீங்களே தம்பி. எனக்கு இது போதும்."

நான் வைக்கவில்லை. செல்போனை எடுத்துப் பார்த்தேன், மாப்பிள்ளை கையைப் பார்த்தேன். சரியாகப் பத்து நிமிஷம் முன்னால் இருந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து விளக்கேற்றும்போது ஏதோ தோன்றி அந்தச் சிமிழைத் திறந்தேன். பதினேழு இல்லை. ஒன்பது. கல்யாணம் நடந்த தேதி ஒன்பது.

மாப்பிள்ளைக்குப் பெரம்பலூரில் வேலை. அங்கே போய் நேரத்தைத் திருத்தியிருக்கிறார், இரண்டொரு நாளில் மறுபடி பத்து நிமிஷம் கூடிவிட்டது. செல்வி விளையாடுகிறாள் என்று அவரும், அவர் விளையாடுகிறார் என்று அவளும் கொஞ்ச நாள் சண்டை போட்டுக்கொண்டார்கள். பிறகு வாட்ச் என்னிடம் வந்தது, நான் பாயிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு வாரம் கடையில் வைத்துப் பார்த்தார், நொடி பிசகவில்லை. "வேகமா ஓடுற வாட்சு ஓடிக்கிட்டேதாண்ணே இருக்கும், நாளுக்கு நாள் கூடும். பத்து நிமிஷத்துல வந்து நிக்கிற வாட்ச நான் பாத்ததில்ல" என்றார். சிமிழில் இருப்பதைப் பற்றியும் மெல்லக் கேட்டேன், தேதி தானாக மாறுமா என்று.

"செல்லு இல்ல, சாவி இல்ல, எப்படி மாறும்? ஒரு கை வெச்சுத் திருப்பினாத்தான் உண்டு."

மாப்பிள்ளை கைக்குத் திரும்பியதும் வாட்ச் மறுபடி பத்து நிமிஷம் கூடிவிட்டது. அப்பாதான் வந்திருக்கிறார் என்று செல்விக்கு ஒரே சந்தோஷம். ஆமாம்மா என்றேன். ஆனால் எனக்குப் புரியவில்லை. வாட்சுக்குள் ஓடுவது முகம் தெரியாத யாருடையதோ. அண்ணனுடையது என் சிமிழில் கிடக்கிறது. அப்படியானால் அங்கே பத்து நிமிஷம் கூட்டுவது யார், இங்கே தேதியைத் திருப்பியது யார்? குலதெய்வக் கோயிலில் போய்க் கேட்டேன். பூசாரி திருநீறு மட்டும் கொடுத்தார்.

அதற்கப்புறம் வருஷக்கணக்கில் சிமிழில் ஒன்பதேதான் இருந்தது. நானும் பழகிவிட்டேன். போன புரட்டாசியில் மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா, வாட்சு சரியாயிடுச்சு. ஒரு மாசமா கரெக்டா ஓடுது." நல்லதுங்க மாப்பிள்ளை என்று வைத்துவிட்டேன். உடனே பூஜை அறைக்குப் போய்ச் சிமிழைத் திறந்தேன்.

இருபத்து மூன்று.

என் மனைவி அதைத் தொடுவதே இல்லை என்று சாமி மேல் சத்தியம் செய்தாள். இருபத்து மூன்றில் எங்கள் குடும்பத்தில் பிறந்த நாள் இல்லை, கல்யாண நாள் இல்லை, யாருக்கும் திதியும் இல்லை. அண்ணன் முன்னாடி போய் யாருக்கோ இடம் போட்டு வைத்திருக்கிறாரோ என்ற நினைப்பு வந்துவிட்டது, போக மாட்டேன் என்கிறது. மாசா மாசம் அந்தத் தேதியில், முந்திரி அனுப்பட்டுமா என்று ஏதாவது சாக்கு வைத்துச் செல்விக்குப் போன் போடுகிறேன். "சொல்லுங்க சித்தப்பா" என்ற குரல் கேட்கும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.

படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், விவரம் தெரிந்த யாராவது எனக்கு ஒரு வழி சொல்லமாட்டார்களா. சொல்லும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முக்கியமாக, அந்தத் தேதியை மட்டும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.