பாவாடை பார்க்காத சிங்கம்

களமருதூர் பாவாடை நைரோபிக்கு விமானம் ஏறுவதற்கு ஒன்பது நாள் முன்பே ஒரு சிங்கத்தின் பிடரியில் கைவைத்து நின்றுவிட்டார். பஸ் நிறுத்தத்தில் கட்டிய ஃப்ளெக்ஸில்தான். 'ஆப்பிரிக்காவை அதிரவைக்கப் புறப்படும் எங்கள் அண்ணன்' என்று மேலே ஒரு வரி. கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் மகன் தமிழழகன் பெயரும் பி.இ. பட்டமும். அந்த வகையறாவிலேயே முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கியவன் அவன். நைரோபியில் வேலை. ஒரு மாதம் வந்து தங்கச் சொல்லி அப்பாவுக்கு டிக்கெட் அனுப்பியிருந்தான். சிங்கத்தை ஒட்டவைத்தது தியாகதுருகத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் அஜித்.

பங்காளி தங்கமணிக்கு அது பொறுக்கவில்லை. நான்கு வருடத்துக்கு முன் எட்டு நாள் சிங்கப்பூர் போய் வந்தவர் அவர். அன்றுமுதல் ஊரில் நல்ல மழை பெய்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. சிங்கப்பூர் மழை குறுக்கே வந்துவிடும்.

"படம் நல்லாத்தான் கீது பங்காளி. நெசமாவே சிங்கத்தப் பாத்துட்டு வா. இல்லன்னா இந்த ஃப்ளெக்ஸ அவுத்துக்கினு போயி எங்கூட்டு மாட்டுக் கொட்டாய்க்கு மேல போட்டுக்குவேன்."

பாவாடை மீசையைத் தடவினார். "ஒண்ணு போதுமா?"

காடு என்று நினைத்து டார்ச் லைட்டும் கெட்டிச் செருப்பும் எடுத்துப்போனவரை மகன் பதினாலாவது மாடியில் குடிவைத்தான். ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னும் உயரமான கட்டடம். கீழே நகராத கார்கள். படம் வரைந்த மினி பஸ்களில் பாட்டு அலற, படியில் ஒற்றைக் காலில் தொங்கிய கண்டக்டர் ஆளை இழுத்து உள்ளே போட்டான்.

"சின்னசேலம் பஸ்ஸ விட மோசமா கீதேப்பா. சிங்கம் எங்க?"

"ஊருக்குள்ள எப்படிப்பா சிங்கம் வரும்? ஞாயித்துக்கெழம பார்க்குக்குப் போலாம்."

நகரத்தின் ஓரத்திலேயே அந்தக் காடு இருந்தது. ஒட்டகச்சிவிங்கி நின்றது, அதன் கழுத்துக்குப் பின்னால் மாடிக் கட்டடங்கள் தெரிந்தன. வரிக்குதிரை வந்தது. ஆறு மணி நேரம் சுற்றியும் சிங்கம் வரவில்லை. நேற்று சாயங்காலம் இங்கேதான் படுத்திருந்தது என்றார் டிரைவர்.

"இன்னாடா, தாலுக்கா ஆபீஸ்ல சொல்ற மாதிரியே சொல்றாரு" என்றார் பாவாடை.

கவலையோடு திரும்பியவரிடம் ஒட்டியேனோ என்ற அடுக்குமாடிக் காவலாளி ஏதோ ஆர்வமாகக் கேட்டார். மகன் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தான்.

"உங்க ஊர்ல எல்லாரும் ஆனை மேலதான் போவீங்களான்னு கேக்கறாருப்பா."

பாவாடைக்கு வந்ததே கோபம். "ஆனையா? நான் மொபெட்ல போறவன்னு சொல்லு! கள்ளக்குறிச்சி இப்ப ஜில்லாவா ஆயிடுச்சின்னு சொல்லு! நம்மள இன்னா நெனச்சிக்கினு கீறாரு?"

ஒட்டியேனோ சிரித்துவிட்டுத் தன் தட்டில் இருந்த வெள்ளைக் களியில் பாதியைப் பிட்டு நீட்டினார். கீரையோடு சேர்த்துத் தின்ற பாவாடை, அது மக்காச்சோள மாவு என்று தெரிந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இருபது வருடமாக மூட்டை மூட்டையாக விளைவித்து நாமக்கல் கோழிப்பண்ணை லாரியில் ஏற்றிவிட்டவர். கதிரைச் சுட்டுத் தின்றிருக்கிறாரே தவிர, அதை ஒரு சாப்பாடு என்று நினைத்ததே இல்லை.

"இவ்ளோ நாளா கோழிக்கு ஒழைச்சிருக்கேன்டா தமிழழகா. இங்க மனுசனுக்கு வெளைய வெக்கிறானுங்க."

இன்னொரு உருண்டை கேட்டு வாங்கினார்.

ஊர் திரும்பிய மறுநாள் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய தஸ்தகீர் பாய் டீக்கடையில் கூட்டம். பாவாடை செல்போனைத் திறந்தார். கட்டடத்தைக் காட்டினார்.

"இது மெட்ராசு" என்றார் தங்கமணி.

கார் நெரிசலைக் காட்டினார்.

"கோயம்பேடு."

மாடிக் கட்டடத்துக்கு முன்னால் நிற்கும் ஒட்டகச்சிவிங்கியைக் காட்டினார்.

"இதயும் அஜித்துதான் ஒட்டனானா?"

கடையே சிரித்தது. அங்கே மக்காச்சோளத்தைத்தான் சோறாகத் தின்கிறார்கள் என்று சொன்னபோது பாய்கூட டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "கோழித் தீவனத்தையா? மனுசனா? போங்க பாவாட."

தங்கமணி இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து விரித்தார். ஃப்ளெக்ஸ் கயிறு கைக்கெட்டும் தூரம்தான். "அப்ப சிங்கம்?"

பாவாடை கத்தியைப் பார்த்தார். கம்பத்தில் தான் நிற்கும் கம்பீரத்தையும் பார்த்தார். மெல்லச் செல்போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"அத ஏன் கேக்கற பங்காளி. ஏர்போர்ட்டு வாசல்லயே மூணு நின்னுக்கினு இருந்திச்சி. ஊரா அது? ஒரே காடு. கட்டடம்னு பேருக்கு ஒண்ணு கெடையாது."

"அப்படிச் சொல்லு!" என்று கூட்டம் நெருங்கி உட்கார்ந்தது.

"போட்டோ?" என்றார் தங்கமணி, குரல் இறங்கி.

"உசுரு முக்கியமா, போட்டோ முக்கியமா?"

"அது நாயந்தான்" என்றார் பாய். கத்தி மடங்கி இடுப்புக்குப் போனது.

சாயங்காலம் வீட்டில் மக்காச்சோள மாவைக் கிளறச் சொன்னார். "கோழிக்கு வெச்சதுங்க இது" என்று மனைவி கொளஞ்சியம்மாள் முனகிக்கொண்டே கிளறினாள். முதல் உருண்டையை வாயில் போடும்போது மகன் போன் செய்தான். சேதி அதற்குள் நைரோபி போயிருந்தது.

"ஏம்பா, மூணு சிங்கம் பாத்தேன்னு சொன்னீங்களாமே?"

"நீ படிச்சவன், நெசத்தச் சொன்னா நம்புவாங்க. எனுக்கு ஃப்ளெக்ஸ்தான்டா சர்ட்டிபிகேட்டு."

களியை விழுங்கியவர், ஏதோ நினைத்துக்கொண்டு சொன்னார்:

"அந்த ஒட்டியேனோ மறுபடியும் கேட்டாருன்னா, தெனமும் ஆனை மேலதான் போறேன்னு சொல்லிடு. பாவம், அவரும் அவங்க ஊர்ல போயி எதாச்சும் சொல்லணுமில்ல?"