புரொடிஜி என்ற பலகையை இறக்கியவர்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து ஆரோக்கியசாமி மாஸ்டர் போன வியாழக்கிழமை காலமானார். பஸ் கண்டக்டர் வந்து சொன்னபோது பதுளையில் என் துணிக்கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரியை வைத்துவிட்டுக் கடையைச் சாத்தினேன். அவரை அறிந்தவர்கள் அவருடைய பொறுமையைப் பற்றிச் சொல்வார்கள். என்னிடம் அவர் பொறுமையாக இருந்ததில்லை. காரணம் நான்தான்.

பதினைந்து வருடங்களுக்கு முன் அவரிடம் வள்ளி என்ற எட்டு வயதுப் பிள்ளை படித்தாள். பெற்றோர் இருவரும் தோட்டத்து வேலையாட்கள். எந்த வருடத்துத் தேதியைச் சொன்னாலும் உடனே கிழமையைச் சொல்லிவிடுவாள். பரிசளிப்புக்கு வந்த தோட்டத்து மேலாளர் துரை அவளைப் புரொடிஜி என்றார். வயதை மீறிய திறமையுள்ள பிள்ளை என்று மாஸ்டர் எனக்கு அர்த்தம் சொன்னார். அது ஆள் சேர்க்கும் சொல் என்று எனக்குப் பட்டது. சம்பள வாரத்தில் அதை ஆங்கிலத்தில் பலகையில் எழுதிக் கடை வாசலில் மாட்டினேன். தகப்பனிடம் கேட்டுக்கொண்டு வள்ளியை அதன் கீழே முக்காலியில் உட்கார வைத்தேன். லுணுகலையிலிருந்துகூடச் சனம் வந்தது.

மாஸ்டரும் வந்தார். "வேடிக்கை பாக்கிறவன்தான் இந்தச் சொல்லச் சொல்லுவான், முதலாளி. வளக்கிறவன் சொல்ல மாட்டான்."

"நீங்க நல்லா வளத்ததாலதான் மாஸ்டர் என் கடையில கூட்டம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "சின்னப் புள்ளைக்கு மட்டுந்தான் இது பொருந்தும். பெரிசானா என்ன சொல்லுவாங்கன்னு அகராதியில இல்ல."

மூன்றாம் நாள் ஒரு பெண் கேட்டாள்: "எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில இருந்து என்னைக்கும்மா வருவாரு?" பிள்ளை களைத்திருந்தாள். வாயில் வந்தபடி, "திங்கக்கிழமை" என்றாள். திங்கட்கிழமை அவருடைய உடல்தான் வந்தது.

அதன்பின் வள்ளி தண்ணீருக்குப் போனால் பீலியடியில் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். அவர்கள் குடியிருந்த லயத்துக் கூரையில் கல் விழுந்தது. பகலிலும் விழுந்தது. செத்தவரின் தம்பி வள்ளியின் தகப்பனிடம் நேராகவே சொன்னான்: "இந்த மாசம் முடியிறதுக்குள்ள அத எங்கயாவது அனுப்பிரு. இல்லாட்டி அடுத்த பொணம் ஒன் வீட்டுலதான்." அவன் சத்தம் போடாமல் சொன்னதுதான் தகப்பனைப் பயமுறுத்தியது.

மறுநாள் மாஸ்டர் பலகையைத் தன் கையால் இறக்கி என் துணி மேசைமேல் போட்டார். "மாட்டினது நீங்க. இனி அவள அங்க வச்சிருக்க முடியாது. வெளியூருக்கு அனுப்பிப் படிக்க வைக்கிறது ஒங்க பொறுப்பு."

"நான் செய்றதுல எனக்கென்ன லாபம், மாஸ்டர்?"

"ஒண்ணுமில்ல. செய்யாட்டி வர்ற நட்டம் புள்ளைக்கு."

நான் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டது அன்று மட்டும்தான். பெற்றோரின் சம்மதத்தோடு வெளி மாகாணத்து விடுதிப் பள்ளி ஒன்றில் அவளைச் சேர்த்தோம்.

மாஸ்டரின் அடக்கத்தில், அன்று வள்ளியின் தகப்பனை மிரட்டிய அந்தத் தம்பி என் பக்கத்தில் வந்து நின்றான். தலை நரைத்துவிட்டது. "அந்தக் கிழமை சொல்ற புள்ள இப்ப எங்க இருக்கு, முதலாளி? மாஸ்டர் இருந்தவரைக்கும் வாயத் தொறக்கல."

"தெரியாது" என்றேன். அவன் போகாமல் நின்றான்.

மாஸ்டரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது பலகை இறங்கிய அன்று நாங்கள் பேசிக்கொண்டது மட்டும்தான். படிப்பு, சாப்பாடு, உடுப்புச் செலவு முழுவதும் என்னுடையது. அவளை நான் போய்ப் பார்க்கக்கூடாது. அவள் இருக்கும் ஊரை, எங்கள் இருவரில் யார் முந்திப் போனாலும், மற்றவர் எவருக்கும் சொல்லக்கூடாது.