லேபிள் அக்கா போட்ட சாட்சிக் கையெழுத்து

பதினோரு வருஷமாக ஒரே மேசையில் நின்று மருந்து டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டியதால், அவளுக்கு லேபிள் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. கம்பெனி அவளுடைய தாய்மாமனுடையது. மூட்டுவலி மாத்திரைதான் அங்கே சக்கைப்போடு போட்ட சரக்கு. 'முற்றிலும் மூலிகை, பக்கவிளைவே கிடையாது' என்று லேபிளில் பச்சை எழுத்தில் இருக்கும். மாத்திரை தயாராகும் அறைக்குள் மாமாவும் அவர் மகனும் தவிர ஈ, காக்காய் நுழைய முடியாது.

பக்கத்து வீட்டுத் தையல்காரிக்கு முழங்கால் வலி. லேபிள் அக்காதான் மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தாள். வலி பறந்தது. நாலு மாதத்தில் முகம் உப்பி வட்டமானது. ஆறாம் மாதம் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரி டாக்டர் டப்பாவைப் பரிசோதனைக்கு அனுப்பினார். உள்ளே கலந்திருந்தது ஸ்டீராய்டு. அவர் அரசாங்கத்துக்கும் எழுதிப்போட்டார்.

லேபிள் அக்கா நேராக மாமாவிடம் போய்க் கேட்டாள்.

"ஒட்டுறதுதான் உன் வேலை. படிக்கிறது இல்ல," என்றார் அவர்.

மறுவாரம் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்து இறங்கினார்கள். மாமாவுக்கு முன்பே மூக்கில் வேர்த்திருந்தது. கிடங்கில் சத்து டானிக் பெட்டிகள் மட்டும் பரம சாதுவாக அடுக்கியிருந்தன.

"மூட்டுவலி மாத்திரைய நிறுத்தி ரெண்டு வருஷமாச்சும்மா," என்று அதிகாரியம்மாவுக்குக் கும்பிடு போட்டார் மாமா. வேலையாட்கள் தரையைப் பார்த்தார்கள்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நான் ஒட்டினேன்," என்றாள் லேபிள் அக்கா. "இந்தப் பெட்டிங்களுக்குப் பின்னால ஒரு கதவு இருக்கு. நகர்த்திப் பாருங்க."

முப்பத்தெட்டுப் பெட்டி மாத்திரையும் ஒரு டிரம் வெள்ளைப் பொடியும் வெளியே வந்தன. சீல் வைத்த பிறகு சாட்சிக் கையெழுத்து கேட்டார்கள். ஒருத்தரும் அசையவில்லை. அவள் பேனாவை வாங்கித் தன் முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினாள்.

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றியே, உருப்படுவியா?" என்றார் மாமா.

"நான் கால்கடுக்க நின்னு சம்பாதிச்ச சோறு மாமா அது. என் கையாலயே அவளுக்கு வெஷம் குடுக்க வெச்சது நீங்க."

கம்பெனி லைசென்ஸ் போயிற்று. சொந்தங்கள் அவள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பெற்ற தாயே மூன்று மாதம் பேசவில்லை. சலவைக்கடையில் துணி மடிக்கும் வேலை தேடிக்கொண்டாள். அங்கேயும் மாமாவின் வக்கீல் வந்து நின்றார்.

"தெரியாம கையெழுத்துப் போட்டேன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடும்மா."

"இத்தனை வருஷம் பொய்ய ஒட்டினது போதாதா? இனிமே எழுதவும் செய்யணுமா?" என்றவள் அடுத்த சட்டையை எடுத்து உதறினாள்.

தையல்காரி இப்போது அரைநாள் மிஷினில் உட்காருகிறாள். வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. வாய்தா தவறாமல் லேபிள் அக்கா முதல் பஸ்ஸைப் பிடித்துக் கோர்ட்டுக்குப் போய், மாமாவுக்கு நேரெதிர் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறாள்.