ஹில்டிங்கின் படகும் ஒரு மூட்டை பீன்ஸும்

வயதானவர்களை அவர்கள் வீட்டிலேயே போய்க் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தவள் நான். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பேன். ஆள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்பதை அது மறைக்காது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கீழ்வீட்டு ஹில்டிங் இறைச்சி வாங்குவதை நிறுத்தியது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

ஹில்டிங், ஸ்வீடனின் கல்மார் நகரத்தையும் ஓலாந்துத் தீவையும் இணைக்கும் பாலத்தின் மேல் பேருந்து ஓட்டியவர். மனைவி, பிள்ளை கிடையாது. ஒரு மரப்படகு உண்டு. அந்த ஆண்டு துறைமுகத்தில் படகு நிறுத்தும் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். வசந்தத்துக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும். படகை விற்றுவிடும்படி அவருடைய அக்கா குன்போர்க் சொன்னாள். வாங்குவதற்கு அவள் கணவர் தோர்வால்ட் தயாராக இருந்தார். மூடுவதற்கு எவ்வளவு பெரிய தார்ப்பாய் வேண்டும் என்று அளந்தும் பார்த்துவிட்டார்.

ஹில்டிங் விற்கவில்லை. சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக் கட்டணத்தைச் சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். ஓலாந்துத் தீவு விவசாயி ஒருவரிடம் ஒரு மூட்டை பழுப்பு பீன்ஸ் வாங்கிவந்தார். டின்னில் விற்பதை வாங்கினால் ஆகும் செலவில் கால்வாசிகூட ஆகாது. இரவில் ஊறவைத்து, ஞாயிற்றுக்கிழமை பெரிய பானையில் ஒரே தடவையாக வேகவைத்து, ஆறியதும் வேளைக்கு ஒரு டப்பாவாக ஃப்ரீசரில் அடுக்குவது என்று திட்டம்.

முதல் பானையே சொதப்பியது. அன்று கீழே பொதுச் சலவை அறையில் துவைக்க அவருடைய முறை. எங்கள் குடியிருப்பில் காய்ச்சலில் படுத்தாலும் அந்த முறையை யாரும் விடமாட்டார்கள். விட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. நடுவில் ஏறி இறங்க வேண்டாமே என்று, கடைசியில் ஊற்ற வேண்டிய வினிகரையும் சர்க்கரைப் பாகையும் முதலிலேயே ஊற்றிவிட்டுத் துணியோடு இறங்கிவிட்டார். துவைத்து, உலர்த்தி, மடித்துத் திரும்பினால் பீன்ஸ் கூழாங்கல்லாக இருந்தது. சாயங்காலம் வரை கொதிக்கவிட்டும் மசியவில்லை.

கரண்டியும் கையுமாக என் கதவைத் தட்டினார்.

"உங்க பல்லு சொந்தப் பல்லா?"

"ஏன், வேணுமா?"

வேகும் முன்னே புளிப்பு பட்டால் பீன்ஸ் வேகாது என்று சொன்னேன். கழுவி, புதுத் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு மறுபடி ஏற்றினோம். இப்போது குழைந்து களியாகிவிட்டது. அதைக் கொட்டினால் படகில் ஒரு பலகையைப் பிடுங்கிப் போடுகிற மாதிரி என்று சொல்லி, களியையும் உறையவைத்துத் தின்றுதீர்த்தார்.

அடுத்த பானைகள் நன்றாக வந்தன. டப்பாவுக்கும் காசு போடவில்லை. குடியிருப்பு முழுக்கக் கேட்டுக் காலி ஐஸ்கிரீம் டப்பாக்களைச் சேர்த்துக்கொண்டார்.

பிப்ரவரியில் அக்காவும் மச்சானும் வந்தார்கள். காபிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். தான் கொண்டுவந்த ஆப்பிள் கேக்கோடு வைக்க ஐஸ்கிரீம் எடுக்கலாம் என்று குன்போர்க் ஃப்ரீசரைத் திறந்தாள். வெனிலா டப்பாவில் பீன்ஸ். ஸ்ட்ராபெரியில் பீன்ஸ். சாக்லேட்டையும் திறந்து பார்த்துவிட்டு, மூடியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"ஏன்டா தம்பி, இந்த வீட்ல ஐஸ்கிரீமே கிடையாதா?"

"அதெல்லாம் அக்கம்பக்கத்துக்காரங்க வயித்துல இருக்குக்கா. டப்பா மட்டுந்தான் நம்மளது."

தோர்வால்ட் சிரிக்கவில்லை. அந்த அடுக்கைப் பார்த்ததுமே படகு கைக்கு வராது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொன்னார். ஹில்டிங் ஒரு டப்பாவைச் சூடாக்கி அவர் முன்னால் வைத்தார். மனிதர் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"மாப்ளே, மாசக்கணக்கா தினமும் இதையேவா திங்கிற?"

"சேச்சே, வியாழக்கிழமை பட்டாணி சூப்பு."

ஏப்ரலில் ஹில்டிங் கட்டணத்தை முழுதாகக் கட்டினார். படகை நீரில் இறக்கும் முன் அடிப்பாகத்தில் பழைய வண்ணத்தைச் சுரண்ட வேண்டும். துறைமுகத்துக்கும் தோர்வால்ட் வந்து, பலகையைத் தட்டிப் பார்த்து, அடுத்த வருடமாவது தருவாயா என்று கேட்டார். ஹில்டிங் சுரண்டியை அவர் கையில் கொடுத்தார்.

"இவ்ளோ ஆசை இருக்குல்ல மச்சான்? இந்தப் பக்கம் உங்களோடது."

தோர்வால்ட் கோட்டைக் கழற்றிவிட்டு மண்டியிட்டார். பிடிவாதக்காரர், பொழுது சாய்வதற்குள் இரண்டு பக்கத்தையும் சுரண்டி முடித்துவிட்டார்.